எளிய வாழ்வும் இனிப்பின் கணக்கும்

எளிமையாக வாழ வேண்டும், இயற்கையோடு ஒட்டி வாழ வேண்டும், மனச்சாட்சிக்கு விரோதமில்லாமல் வாழ வேண்டும் என்று மூன்று விருப்பங்களையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். ஒன்று வந்தால் மற்ற இரண்டும் தாமாக வந்துவிடும் என்ற நம்பிக்கை அதற்குள் இருக்கிறது. நடைமுறையில் அப்படி நடப்பதில்லை. ஒரு வேளைச் சோறும் நான்கு முழ வேட்டியுமாக வாழ்ந்துகொண்டே ஊரைக் கடனில் வைத்திருந்த வட்டிக்காரர்கள் எளிமையானவர்கள்தாம். மலையடிவாரத்தில் தோப்பும் ஓட்டு வீடும் வைத்துக்கொண்டு, தோப்பில் வேலை செய்பவருக்குக் குறைகூலி கொடுப்பவரும் இயற்கையோடுதான் வாழ்கிறார். ஆகவே இம்மூன்றில் மனச்சாட்சி முன்னே போக வேண்டும் என்பது என் வாதம். அதற்கென்று குறிப்பான ஒரு வேலையும் உண்டு. நாம் அனுபவிக்கும் வசதியின் சுமை யார் தோளில் இருக்கிறது என்று அது பார்க்க வேண்டும். நாம் அந்த வசதியை விட்டுவிட்ட பிறகு சுமை உண்மையிலேயே இறங்கியதா, இன்னொருவர் தோளுக்கு மாறியதா என்றும் விடாமல் பின்தொடர வேண்டும். இந்த வேலையைச் செய்யாத எளிமை வெறும் ரசனையாக நின்றுவிடும். இதைச் சோதித்துப் பார்க்க ஒரே ஒரு பண்டத்தைப் பிடித்துக்கொண்டு போகலாம். அது சர்க்கரை. கடந்த 250 ஆண்டுகளில் எளிய வாழ்வைத் தேடியவர்கள் திரும்பத் திரும்ப வந்து முட்டிக்கொண்ட பண்டம் அது.

ஜான் உல்மன் 1720இல் வட அமெரிக்காவின் நியூஜெர்சியில் பிறந்தவர், குவேக்கர் என்னும் கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர். இளைஞராக ஒரு கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தபோது, முதலாளி தன்னிடமிருந்த ஒரு கறுப்பினப் பெண்ணை விற்பதற்கு விற்பனைச் சீட்டு எழுதச் சொன்னார். உல்மன் எழுதிக் கொடுத்தார். ஆனால் அந்தச் சீட்டு அவரை வாழ்நாள் முழுக்க விடவில்லை. பின்னாளில் தாமே கடை வைத்து, வியாபாரம் பெருகத் தொடங்கியதும், பெருக்கம் மனத்துக்குத் தொல்லை என்று சொல்லி வாடிக்கையாளர்களை வேறு கடைகளுக்கு அனுப்பினார். தையல் வேலையும் கொஞ்சம் பழத்தோட்டமும் போதும் என்று நிறுத்திக்கொண்டார். சாயம் தோய்த்த துணியை விட்டார். சாயம் அழுக்கை மறைக்கிறது, துணியின் வலுவைக் கெடுக்கிறது என்பது அவர் சொன்ன காரணம். சாயமில்லாத தொப்பியை அவர் போட்டபோது, அந்தக் காலத்து நாகரிகத்தைப் பின்பற்றுகிறார் என்றே சிலர் நினைத்தார்கள். அடிமைகளை வைத்திருந்த வீடுகளில் தங்க நேர்ந்தால், தமக்குப் பணிவிடை செய்த அடிமைகளின் கையில் காசு சேரும்படி கொடுத்துவிட்டுப் போனார். அடிமை உழைப்பில் விளைந்த சர்க்கரையையும் ஒதுக்கினார். 1772இல் இங்கிலாந்து போனபோது, குதிரைகளும் வண்டியோட்டும் சிறுவர்களும் படும் பாட்டைக் கேள்விப்பட்டு, அஞ்சல் வண்டியில் ஏறாமல் நடந்தே போனார். அதே ஆண்டு யார்க் நகரில் பெரியம்மை கண்டு இறந்தார்.

இந்தப் பட்டியலில் இயற்கை ரசனை எங்கும் இல்லை. பெரும்பாலான துறவுகளுக்குப் பின்னால் ஒரு ஆள் இருக்கிறார்: விற்கப்பட்ட பெண், பணிவிடை செய்தவர், வண்டியோட்டும் பையன். மேலும், உல்மன் தம்மைச் சுத்தமாக வைத்துக்கொண்டதோடு நிற்கவில்லை. அடிமை வைத்திருந்த சக குவேக்கர்களின் வீடு வீடாகப் போய் உட்கார்ந்து, சண்டையில்லாமல், ஆனால் விடாமல் பேசினார். 1754இல் அடிமை முறைக்கு எதிராகச் சிறுநூல் வெளியிட்டார். அந்தோணி பெனெசே போன்ற வேறு பலரின் உழைப்பும் சேர்ந்து, 1758இல் பிலடெல்பியா குவேக்கர் பேரவை அடிமை வாங்கி விற்பவர்களைத் தன் நிர்வாகத்திலிருந்து விலக்கியது. 1776இல், அடிமை வைத்திருப்பவர் உறுப்பினராகவே இருக்க முடியாது என்றது. அவர் எளிமையாக இருந்தது இந்தப் பேச்சுக்குப் பயன்பட்டது. அடிமை உழைப்பில் வந்த எதையும் அனுபவிக்காதவர் கேட்கும்போது எதிரே இருப்பவரால் எளிதில் தட்டிக்கழிக்க முடியவில்லை.

அடுத்து நடந்தது இன்னும் பெரிது. அடிமை வணிகத்தை நிறுத்தும் மசோதா 1791இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் தோற்றதும், மேற்கிந்தியத் தீவுகளின் சர்க்கரையைப் புறக்கணிக்கும் இயக்கம் பரவியது. சுமார் 3 லட்சம் பேர் சர்க்கரையை விட்டதாக, அடிமை வணிகத்தை எதிர்த்துப் போராடிய தாமஸ் கிளார்க்சன் மதிப்பிட்டார். வாக்குரிமை இல்லாத பெண்கள் தங்கள் அடுக்களையிலிருந்தே ஒரு பொது விவகாரத்தில் தலையிட முடிந்தது. புறக்கணிப்பு மட்டுமே அடிமை முறையை ஒழித்துவிட்டது என்று சொன்னால் அது பொய். அதே 1791இல் ஹைட்டியில் அடிமைகளே கிளர்ந்தெழுந்தது அதைவிடப் பெரிய அடி. ஆனாலும் 1807இல் பிரிட்டன் அடிமை வணிகத்தைத் தடைசெய்ததற்கும், 1833இல் அடிமை முறையை ஒழிக்கச் சட்டம் இயற்றியதற்கும் பின்னால் இந்த அடுக்களைகளுக்கும் பங்கு உண்டு. 1820களில், அடிமைகள் விளைவிக்காத கிழக்கிந்தியச் சர்க்கரை என்று எழுதிய கிண்ணங்கள் இங்கிலாந்தின் மேசைகளில் இருந்தன. அந்தக் கிழக்கிந்தியாவில், கம்பெனி ஆட்சியின்கீழ், கரும்பு போட்ட விவசாயி எப்படி வாழ்ந்தார் என்பதைக் கிண்ணம் சொல்லவில்லை.

சுமை எங்கே போனது என்று பார்க்க வேண்டிய இடம் இதுதான். அடிமைகள் விடுதலையானார்கள், சர்க்கரைக்கான ஆசை அப்படியே இருந்தது. தோட்ட முதலாளிகள் ஒப்பந்தக் கூலி முறையை எடுத்தார்கள். 1834 முதல் மொரீஷியசுக்கும், பிறகு மேற்கிந்தியத் தீவுகளுக்கும் இந்தியர்கள் கப்பலேற்றப்பட்டார்கள். தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு முதல் கப்பலான ‘ட்ரூரோ’ சென்னையிலிருந்து புறப்பட்டு 1860 நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்தது. 1911 வரை அங்கே போன சுமார் 1,52,000 பேரில் மூன்றில் இரு பங்கினர் சென்னை வழியாகப் போனவர்கள். தமிழரும் தெலுங்கரும் அவர்களில் மிகுதி. முதலாண்டுக் கூலி மாதம் 10 ஷில்லிங். ஒப்பந்தம் முடிந்த பிறகு ஊர் திரும்பாமலும், மறுபடி ஒப்பந்தத்தில் சேராமலும் அங்கேயே இருப்பவர் ஆண்டுக்கு 3 பவுண்டு வரி கட்ட வேண்டும் என்று 1895இல் சட்டம் போட்டார்கள். 3 பவுண்டு என்றால் 60 ஷில்லிங், அதாவது முதலாண்டுக் கணக்கில் ஆறு மாதக் கூலி. இங்கிலாந்தின் ஒரு தலைமுறை மனச்சாட்சியோடு கீழே வைத்த சுமை, சில பத்தாண்டுகளில் தஞ்சாவூரிலும் வட ஆர்க்காட்டிலும் பிறந்தவர்களின் தோளுக்கு வந்துவிட்டது. புறக்கணித்தவர்கள் கெட்டவர்கள் அல்லர். அவர்கள் கணக்கைப் பாதியில் மூடிவிட்டார்கள்.

எளிய வாழ்வு என்றதும் உலகம் முழுக்க நினைவுக்கு வரும் இரண்டு பெயர்கள் அமெரிக்க எழுத்தாளர் தோரோவும் ரஷ்ய எழுத்தாளர் டால்ஸ்டாயும். தோரோ 1845 ஜூலை முதல் 1847 செப்டம்பர் வரை வால்டன் ஏரிக்கரையில், நண்பர் எமர்சனுக்குச் சொந்தமான நிலத்தில், தாமே கட்டிய சிறு வீட்டில் இருந்தார். அம்மா வீட்டுக்கு அடிக்கடி போய்ச் சாப்பிட்டார் என்று அவரைக் குறைசொல்வது வழக்கமாகிவிட்டது. எனக்கு அது சின்ன விஷயமாகப் படுகிறது. அடிமை முறையைக் காத்து, மெக்சிகோ மீது போர் தொடுத்த அரசுக்கு வரி கட்ட மாட்டேன் என்று 1846 ஜூலையில் ஒரு இரவு சிறையில் இருந்தாரே, அதுதான் வால்டனின் மையம். அந்த ஏரியை மட்டும் எடுத்துக்கொண்டு சிறையை விட்டுவிடுகிறவர்கள் தோரோவைச் சுற்றுலாத் தலமாக்குகிறார்கள். டால்ஸ்டாயின் கதை சிக்கலானது. 1882இல் மாஸ்கோ மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஏழைகளின் குடியிருப்புகளைப் பார்த்த பிறகு, அவர் தம் வாழ்வையே கேள்வி கேட்டார். உழுதார், செருப்புத் தைத்தார், 1881க்குப் பிறகு எழுதியவற்றின் பதிப்புரிமையை 1891இல் துறந்தார். சொத்தை மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் பிரித்துக் கொடுத்தார். அதாவது பண்ணை அப்படியே இருந்தது, அதை நடத்தும் தொல்லை மனைவி சோஃபியா தலையில் விழுந்தது. 13 பிள்ளைகளைப் பெற்றவர், கணவரின் கையெழுத்துப் படிகளைத் திரும்பத் திரும்ப நகலெடுத்தவர், இப்போது வீட்டுச் செலவுக்குப் பழைய நூல்களைப் பதிப்பித்து விற்க வேண்டியிருந்தது. கணவர் துறவி, மனைவி பேராசைக்காரி என்று ஊர் பேசியது. டால்ஸ்டாயின் உண்மையான வேதனையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் வீட்டில் ஒருவர் துறக்கும்போது இன்னொருவர் சுமக்கிறார் என்றால் அந்தத் துறவின் கணக்கு முடியவில்லை.

இந்தப் பின்னணியில் பார்க்கும்போதுதான், டால்ஸ்டாயின் பெயரைத் தாங்கி தென்னாப்பிரிக்காவில் உருவான பண்ணையின் அருமை புரியும். இனவாதச் சட்டங்களை எதிர்த்துச் சிறை சென்ற டிரான்ஸ்வால் இந்தியர்களில் தமிழர்கள் முன்னணியில் இருந்தார்கள். சிறை சென்றவர்களின் குடும்பங்களுக்கு மாதாமாதம் பணம் கொடுக்கப்பட்டுவந்தது. யாருக்கு எவ்வளவு என்பதில் ஏற்றத்தாழ்வும் மனக்கசப்பும் வந்தன, நிதியும் கரைந்தது. போராட்டம் எத்தனை ஆண்டு நீளும் என்று தெரியாத நிலையில், எல்லாக் குடும்பங்களும் ஓரிடத்தில் பொதுச் செலவில் வாழ்வதே வழி என்று காந்தி முடிவுசெய்தார். ஜெர்மானிய யூதரான கட்டடக் கலைஞர் ஹெர்மன் காலன்பாக், லாலி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் தாம் வாங்கிய சுமார் 1,100 ஏக்கரை 1910 மே மாதத்தில் வாடகையில்லாமல் கொடுத்தார். ஜோகன்னஸ்பர்க் அங்கிருந்து 21 மைல். அங்கே எளிமை ஒரு கொள்கை அலங்காரமாக வரவில்லை. போராட்டம் நீண்டால் தாக்குப்பிடிக்க வேண்டும் என்ற தேவையிலிருந்து வந்தது.

அதன் அன்றாடத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். தகரக் கொட்டகைகள், ஒரே அடுக்களை, இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர், பார்சி எல்லோருக்கும் ஒரே பந்தி. கோதுமையைக் கையால் திரிகையில் அரைத்து, சலிக்காத மாவில் ரொட்டி சுட்டார்கள். காலன்பாக், மேரியன்ஹில் என்ற இடத்திலிருந்த துறவியர் மடத்துக்குப் போய்ச் செருப்புத் தைக்கக் கற்றுவந்து மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். சொந்த வேலையாக நகரத்துக்குப் போகிறவர் நடந்துதான் போக வேண்டும்; அதிகாலை இரண்டு மணிக்குக் கட்டுச்சோற்றோடு கிளம்புவார்கள். வேலைக்காரர் கிடையாது. மலத்தைக் குழியில் புதைத்து எருவாக்கும் வேலை வரை எல்லோருக்கும் பொது. கடைசியாகச் சொன்ன இந்த ஏற்பாட்டைத்தான் நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். பிறப்பால் சிலர் தலையில் மட்டும் கட்டப்பட்டிருந்த வேலையைப் பந்தியில் உட்காரும் எல்லோருக்கும் பங்கிட்டால், சுமை வேறொருவருக்கு மாற இடமே இல்லை.

அந்தப் பழக்கம் 1913இல் பலன் தந்தது. டால்ஸ்டாய் பண்ணையில் வாழ்ந்த பெண்கள், பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள், சிலர் கைக்குழந்தையோடு, நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் போய், 3 பவுண்டு வரியை எதிர்த்து வேலையை நிறுத்தும்படி தொழிலாளர்களிடம் பேசினார்கள். சுரங்கம் நின்றது, வேலைநிறுத்தம் நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கும் பரவியது. இந்தப் போராட்டத்தில் சிறை சென்று நோயோடு வெளிவந்த தில்லையாடி வள்ளியம்மை 1914 பிப்ரவரி 22 அன்று இறந்தார். அந்த ஆண்டே வரி ஒழிந்தது. இங்கிலாந்துக் கிண்ணங்கள் பாதியில் விட்ட கணக்கை, கரும்பு வெட்டியவர்களின் இனத்தாரே எடுத்து ஒரு கட்டம் வரை முடித்தார்கள். ஒரு கட்டம் வரைதான். ஆப்பிரிக்கர்களை 7 சதவீத நிலத்துக்குள் அடைத்த நிலச் சட்டம் வந்ததும் அதே 1913இல்தான். அந்த மண்ணின் மக்களுக்கு இந்தப் போராட்டத்தில் இடமிருக்கவில்லை. பண்ணையைப் போற்றுகிறவர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இந்தக் கணக்கை ஒரு பொருளாதாரமாகவே எழுதிக் காட்டியவர் தஞ்சாவூரில் 1892இல் பிறந்த ஜே.சி. குமரப்பா. லண்டனில் கணக்காயர் படிப்பு, பம்பாயில் தொழில், அமெரிக்காவின் சிராகியூஸ், கொலம்பியா பல்கலைக்கழகங்களில் மேற்படிப்பு என்று இருந்தவர், பிரிட்டிஷ் ஆட்சியின் வரிக்கும் இந்திய வறுமைக்கும் உள்ள தொடர்பை ஆராயப் புகுந்து, 1929இல் காந்தியிடம் வந்து சேர்ந்தார். 1934இல் அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கம் தொடங்கியபோது அதை வழிநடத்தினார். சிறையில் எழுதிய ‘நிலைத்த பொருளாதாரம்’ நூலில் (1945), ஒட்டுண்ணியாக வாழ்வதில் தொடங்கி பிறருக்குத் தொண்டாக வாழ்வது வரை பொருளாதாரங்களை வகைப்படுத்தினார். ஒரு பொருளை வாங்குகிறவர், அது உருவான முறைக்கும் பொறுப்பாளி என்பது அவருடைய அடிப்படை. கடைசிக் காலத்தில் மதுரை மாவட்டம் தே. கல்லுப்பட்டியில் வாழ்ந்து, 1960 ஜனவரி 30 அன்று மறைந்தார்.

குமரப்பாவும் சர்க்கரையிடம் வந்து சேர்ந்தார். வளமான பாசன நிலத்தில் உணவுப் பயிரை ஒதுக்கிவிட்டு ஆலைக்குக் கரும்பு போடுவது தவறு, தரிசில் தானாக வளரும் பனையிலிருந்தே நாட்டுக்கு வேண்டிய வெல்லத்தை எடுக்கலாம் என்றார். தண்ணீர் வேண்டாம், உரம் வேண்டாம், சோற்று நிலத்தைத் தொட வேண்டாம். இயற்கையின் பக்கத்திலிருந்து பார்த்தால் மறுக்க முடியாத வாதம். இன்று நகரங்களில் கருப்பட்டிக் காபிக்குக் கிடைக்கும் மதிப்பு அவருக்குக் காலம் கடந்து வந்த வெற்றி என்றுகூட ஒருவர் சொல்லலாம். ஆனால் பனையின் பக்கத்தில் போய் நிற்க வேண்டும். காலில் தளைநார் மாட்டி, மார்பு மரத்தில் உராய, தினமும் காலையும் மாலையும் அதே மரங்களில் ஏறிப் பாளை சீவி, உட்புறம் சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்டி இறக்குகிறார் பனையேறி. பங்குனி, சித்திரை வெயிலில், புகை அடைந்த விடிலிக் குடிசைக்குள் நின்று பதநீரைக் காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றுகிறவர் அவர் மனைவி. தவறி விழுந்தால் பிழைப்பது அரிது. இந்த வேலை ஒரு சாதியின் அடையாளமாகவே ஒட்டவைக்கப்பட்டு, அதற்காக அவமதிப்பும் சேர்ந்து வந்ததால், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய் மரத்தை விட்டு இறங்கினார்கள். அவர்கள் இறங்கியது நியாயம். இப்போது ஏற ஆள் குறைந்து, கடையில் விற்கும் கருப்பட்டியில் ஆலைச் சர்க்கரையே கலக்கப்படுகிறது. வெள்ளைச் சர்க்கரையை விட்டுக் கருப்பட்டிக்கு மாறுகிறவர், பனையேறும் கருவிக்கும், விபத்துக் காப்பீட்டுக்கும், ஏறுகிறவருக்குக் கட்டுப்படியாகும் விலைக்கும் சேர்த்துக் குரல் கொடுக்காவிட்டால், 1820களின் கிண்ணத்தைத்தான் தம் மேசையிலும் வைத்திருக்கிறார்.

இங்கேதான் மிகக் கடுமையான ஆட்சேபம் வருகிறது. எழுப்பியவர் அம்பேத்கர். 1945இல் வெளியான தம் நூலில் காந்தியத்தைப் பரிசீலித்த அவர், இயந்திரமும் நவீன நாகரிகமும் மனிதனுக்கு ஓய்வைத் தருகின்றன, ஓய்விலிருந்தே பண்பாடு வரும், குற்றம் இயந்திரத்தில் இல்லை, அதன் பயனைச் சிலர் மட்டும் எடுத்துக்கொள்ளும் சமூக அமைப்பில் இருக்கிறது என்று வாதிட்டார். எளிய வாழ்வுக்குத் திரும்பச் சொல்வது, உழைப்பவரை என்றும் உழைப்பிலேயே வைத்திருக்கும் ஏற்பாடாக அவருக்குத் தெரிந்தது. இதை நான் ஏற்றுக்கொள்கிறேன். கழிவுநீர்த் தொட்டியில் மனிதர் இறங்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்தும் சாவுகள் தொடரும் நாட்டில், அந்த வேலைக்கு வரும் ஒவ்வொரு இயந்திரமும் வரவேற்கத் தக்கது. அடுக்களைக்கும் இதுவே பொருந்தும். ஆட்டுக்கல்லில் அரைத்த மாவின் ருசியைப் புகழ்கிறவர்களில் குழவியைப் பிடித்தவர்கள் எத்தனை பேர்? கிரைண்டர் வந்ததால் விடுபட்ட பெண்ணின் கை எளிய வாழ்வுக்குப் பகையல்ல. ஆனால் அம்பேத்கரின் வாதத்தை முழுதாக எடுத்துக்கொண்டால், அது நான் சொல்லும் சோதனைக்கே வந்து சேர்கிறது. பயன் யாருக்குப் போகிறது என்று அவர் கேட்கிறார், சுமை யாருக்குப் போகிறது என்று நான் கேட்கிறேன். நெல் குத்துவது உடம்பை முறிக்கும் வேலை. ஆலை அந்தப் பாட்டை நீக்கியது. குத்துக்கூலியில் குடும்பம் நடத்திய பெண்களின் வருமானத்தையும் நீக்கியது. தீட்டிய பச்சரிசி தவிட்டோடு சேர்த்து உயிர்ச்சத்தையும் கழித்துவிட்டது. இயந்திரம் மிச்சப்படுத்திய உழைப்பின் பலன் அந்தப் பெண்களுக்கு வரவே இல்லை. கேள்வி கேட்க வேண்டிய இடம் அது.

எல்லோரும் குறைவாக வாங்கினால் தொழில் படுத்துவிடும், வேலை போகும் என்பது இன்னொரு ஆட்சேபம். இல்லாதவர் குறைவாக வாங்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. வேண்டியது கிடைக்காதவருக்கு எளிமையைப் போதிப்பது கொடுமை. அதிகம் வாங்குகிறவர் குறைத்துக்கொண்டால் சில தொழில்களில் வேலை போகத்தான் செய்யும், அதை மறைக்கக் கூடாது. அதற்கு மாற்று வேலை வேண்டும், அது தனிமனிதரின் சிக்கனத்தால் முடியாது, அரசின் கொள்கையால்தான் முடியும். ஆகவே மனச்சாட்சிப்படி வாழ நினைப்பவர் அரசியலிலிருந்து ஒதுங்கி நிற்க முடியாது. எளிய வாழ்வு தேடி ஊரைவிட்டு விலகிப் போகிறவர்களிடம் எனக்குள்ள வேறுபாடும் இதுதான்.

இயற்கையைப் பற்றிய கேள்வியும் இதிலிருந்து தனித்து நிற்பதில்லை. வசதியான குடும்பத்தில் பிறந்து காந்தியின் வழிக்கு வந்த சங்கரலிங்கம் ஜெகந்நாதனும், தலித் குடும்பத்தில் பிறந்த கிருஷ்ணம்மாளும் விடுதலை வந்த பிறகே மணம் செய்வோம் என்று காத்திருந்து 1950இல் மணந்துகொண்டார்கள். கதரும் சொற்ப உடைமையுமாக வாழ்ந்த இருவரும், 1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட பிறகு கீழத்தஞ்சையிலேயே தங்கி, நிலமற்றவர்களுக்கு நிலம் பெற்றுத் தரும் வேலையில் இறங்கினார்கள். 1990களில் அதே கடலோரத்தில் இறால் பண்ணைகள் வந்து, நிலத்தடி நீர் உப்பாகி, கூலி வேலை தந்த வயல்கள் குளமாயின. வெளிநாட்டு மேசைக்குப் போகும் இறாலின் சுமை நாகப்பட்டினத்துக் கிணற்றில் இறங்கியது. நீர் கெட்டதும் நிலமற்றவரின் வேலை போனதும் அங்கே ஒரே நிகழ்ச்சி. ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம், கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் அமைந்த வணிக இறால் பண்ணைகளை அகற்ற உத்தரவிட்டது, வேலையிழக்கும் தொழிலாளர்களுக்கு இழப்பீடும் கொடுக்கச் சொன்னது. தேவைகள் குறைவாக இருந்ததால் அந்தத் தம்பதியரை விலைகொடுத்து வாங்க முடியவில்லை, களைத்துப்போகச் செய்யவும் முடியவில்லை. டால்ஸ்டாய் பண்ணை தன் ஆட்களுக்குக் கொடுத்த பலமும் இதுவே. தீர்ப்பு வந்தும் பண்ணைகள் முழுதாகப் போகவில்லை. 2005இல் நாடாளுமன்றம் கடலோர நீருயிர் வளர்ப்பு ஆணையச் சட்டத்தை இயற்றி, அந்தத் தொழிலுக்குச் சட்டத்தின் பாதுகாப்பைத் திரும்பக் கொடுத்தது. ஜெகந்நாதன் 2013இல் காலமானார். நாகப்பட்டினம் கடலோரத்தில் கிணற்று நீரின் வழக்கு இன்னும் முடியவில்லை.